தொட்டுச் செய்யும் வைத்தியம்

(வெள்ளானூரில், பிசியோதெரபி படிக்கும் மாணவர்கள் கூடி அமைத்துக்கொண்ட சங்கத்தின் முதற்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சாதாரணமாக நான் போகிற கூட்டங்களில் சாமியைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும் பேசிவிட்டு வருவது வழக்கம். இன்று என்னை இங்கு அழைத்தவர்களோ பிசியோதெரபி என்றும், தமிழில் இயன்முறை மருத்துவம் என்றும் சொல்லப்படுகிற படிப்பைப் படிக்கும் பிள்ளைகள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கங்களிலிருந்தும், இந்த வெள்ளானூரிலிருந்தும் படிக்கப் போகிறவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் ஏற்படுத்தி, தங்களுக்குள் ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, முதல் கூட்டத்திற்கு என்னைப் போன்ற ஒருவனைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தப் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் காலேஜுக்குப் போனவனல்ல. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசகசாலையில் படித்ததும், இரவல் புத்தகத்தில் படித்ததும், நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுமேயாகும். ஆகையால் நான் சொல்வதில் தப்பு இருந்தால் படித்துக் கொண்டிருக்கிற நீங்கள் எழுந்து நின்று திருத்தலாம். அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டம் ஆரம்பிக்கும் முன்பு ஒரு பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏனய்யா, படிக்கிற பிள்ளைகளுக்குச் சங்கம் எதற்கு? தலைமை எதற்கு? அதிலும் பெண்பிள்ளைக்கு எதற்கு? படித்து முடித்து நாலு காசு சம்பாதிக்கட்டுமே! நீங்கள் போய் அவர்களைக் கிளப்பிவிடுகிறீர்களே" என்று கேட்டார். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் இன்று பேசப்போவதெல்லாம் அவருக்குச் சொல்லும் பதில்தான்.

இது என்ன வைத்தியம்?

முதலில் இந்தத் தொழில் இன்னது என்பதே நம்மில் அநேகருக்குத் தெரியாது. "கரண்ட் வைக்கிற இடம்" என்கிறோம். "கை கால் பிடித்துவிடுகிறவர்கள்" என்கிறோம். கரண்ட் வைப்பதும் உண்டு, மெழுகு ஒத்தடம் கொடுப்பதும் உண்டு என்றாலும் இத்தொழிலின் உயிர் அதில் இல்லை. அசையாமல் போன உறுப்பை நோயாளி தானே அசைக்கும்படி பழக்குவதுதான் இத்தொழில். மற்ற வைத்தியத்தில் நோயாளி படுத்திருப்பார், வைத்தியர் வேலை செய்வார். இந்த வைத்தியத்திலோ நோயாளிதான் வேலை செய்யவேண்டும். வைத்தியர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவார்.

நம்முடைய இந்தப் பகுதிக்கு இது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் வந்தன. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. லேத்துக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு முழங்காலும் இடுப்பும் போகிறது. தையல் மிஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குக் கழுத்தும் தோளும் போகிறது. நாற்று நடுகிறவளுக்கு முதுகு போகிறது. அப்புறம் கூலியும் போகிறது. ஆகவே இது பணக்காரன் உடம்பை மினுக்குகிற வைத்தியமல்ல. உடம்பே மூலதனமாக உள்ளவனுக்கு அந்த மூலதனத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிற வைத்தியமாகும்.

என் வீட்டுக் கதை

இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் வீட்டு அழுக்கை மறைக்கக் கூடாது.

ஒருநாள் காலையில் என் தாயாருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன; பேச்சும் குழறிற்று. பக்கவாதம். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்துவிட்டாலோ இது வருகிறது. அடைப்பினால் வந்ததாயிருந்தால், நாலரை மணி நேரத்திற்குள் தக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டியைக் கரைக்கிற ஊசி போட வழியுண்டு. இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எங்கள் வீட்டில் கூடிய பந்துக்கள், "காற்று அடித்துவிட்டது" என்றார்கள். ஒருவர் தாயத்து கட்டினார். ஒருவர் புறாவைக் கொண்டுவந்து அறுத்து, அந்த இரத்தத்தைச் சூட்டோடு கையிலும் காலிலும் தேய்க்கச் சொன்னார். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிற நான் அப்போது என்ன செய்தேன்? "பெற்ற தாய் விஷயத்தில் பிடிவாதம் பண்ணாதே" என்று மாமன் ஒரு சத்தம் போட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் இப்படியே போயிற்று.

மூன்று மாதத்திற்குப் பிறகு ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி என் தாயாரின் கையைத் தொட்டு, முழங்கையை மெதுவாக நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகிப்போயிருந்தன. "ஏனய்யா, முதல் வாரத்திலேயே அழைத்து வரவில்லை?" என்று கேட்டாள். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன எனக்கு அந்தப் பெண்ணுக்குச் சொல்லப் பதில் கிடைக்கவில்லை.

அவள் மேலும் சொன்னாள்: "மூளையில் கெட்டுப்போன இடம் திரும்பி வராது. மிச்சமிருக்கிற இடம் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். குழந்தை நடக்கக் கற்பது மாதிரி, நூறு தடவை, ஆயிரம் தடவை செய்தால்தான் கற்கும். ஆகையால் அம்மாவை நீங்கள் தூக்கி நிறுத்தாதீர்கள். அவர்களே எழுந்திருக்கட்டும். விழாமல் பக்கத்தில் மாத்திரம் நில்லுங்கள்." அப்படியே செய்தோம். சில மாதத்தில் என் தாயார் தடியூன்றித் தெருவாசல் வரையில் நடந்தார்கள். கால் வந்தது, கை வரவில்லை. கடைசி வரையில் அந்த வலது கை திறக்கவேயில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று மாதத்தில் கை இறுகிப்போய்விட்டது.

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்த மாணவி தனக்கு இட்ட வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வருகிறவர்களில் பலபேர் என்னைப் போலவே காலம் கடந்து வருவதை அவள் கவனித்தாள். கூடப் படிப்பவர்களைச் சேர்த்துக்கொண்டு, நோயாளியோடு வந்திருக்கும் வீட்டாரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தாழ்வாரத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மணி நேரத்திற்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும் என்றும், விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு கெடும் என்றும், கட்டிலிலிருந்து எழுந்திருப்பது எப்படியென்றும் செய்து காட்டினாள். "இது மாணவர் வேலையல்ல" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவளுக்கு ஒரு பதவியும் இல்லை. மேஜை நாற்காலியும் இல்லை. ஆனாலும் நான் பார்த்த தலைமைகளில் உருப்படியான தலைமை அதுதான். ஒரு குறையைக் கண்டால், "இது என் வேலையல்ல" என்று சொல்லாமல் நாலுபேரைச் சேர்த்துக்கொண்டு அதை நிவர்த்திக்கப் புறப்படுவதற்குப் பெயர்தான் தலைமை. அதைப் படிக்கிறபோதே பழகாதவன் உத்தியோகத்திற்கு வந்தபிறகா பழகப் போகிறான்?

தலைவிதியும் தசைப்பயிற்சியும்

நிற்க, இந்தத் தொழிலுக்கு நோயைவிடப் பெரிய விரோதி ஒன்று உண்டு. அதுதான் தலைவிதி என்பது. "போன ஜன்மத்தில் செய்த பாவம், இந்த ஜன்மத்தில் கால் விளங்கவில்லை" என்று நம்புகிறவன் எதற்காகப் பயிற்சி செய்வான்? உண்டியலில் வெள்ளியால் செய்த காலைப் போட்டால் தன் கால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன் எதற்காக வேர்வை சிந்துவான்? வெள்ளிக்காலை வாங்கிக்கொண்ட சாமி இதுவரையில் ஒருவருக்காவது சதைக்காலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறதா என்று நான் கேட்கிறேன்.

இளம்பிள்ளை வாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் எத்தனை லட்சம் குழந்தைகள் அதனால் முடமாயினர்! ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றினோம், தீ மிதித்தோம், மொட்டை போட்டோம், வாதம் நிற்கவில்லை. குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தோம், நின்றது. இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டது 2011 ஜனவரி 13-இல், வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் ஒரு குழந்தைக்கு. 2014 மார்ச் 27-இல் இந்தியா இருக்கும் பிராந்தியத்தில் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இதில் ஆத்தாளின் பங்கு எவ்வளவு, சொட்டு மருந்தின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாதம் உள்நோக்கி வளைந்து குழந்தை பிறந்தால், "கிரகணத்தன்று தாய் வெளியே வந்துவிட்டாள்" என்று அந்தத் தாயின் தலையில் பழி போடுகிறோம். பெற்ற வேதனையோடு இந்தப் பழியையும் அவள் சாகிற வரையில் சுமக்கவேண்டும். ஸ்பெயின் தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த போன்செட்டி என்ற டாக்டர் காட்டிய முறைப்படி, வாரத்திற்கு ஒரு மாவுக்கட்டாகச் சில வாரம் போட்டு, பெரும்பாலும் குதிகால் நாணில் ஒரு சிறு கீறல் கீறி, பிறகு நாலு வயது வரையில் இராக்காலத்தில் பட்டை வைத்த பாதரட்சை போட்டுவந்தால், அநேகமாக எல்லாக் குழந்தைகளும் நேரான காலோடு ஓடுகின்றன. கிரகணம் வளைத்த காலாயிருந்தால் மாவுக்கட்டுக்கு நிமிருமா? மாணவத் தோழர்களே! இந்த விஷயத்தைச் சொல்ல நான் நூறு மேடை ஏறினாலும், நீங்கள் ஒரு குழந்தையை நடத்திக் காட்டுவதற்குச் சமானமாகாது.

தொட்டவன் கீழே, தொடாதவன் மேலே

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதை எட்ட நின்று செய்ய முடியாது. நோயாளியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் செய்யவேண்டும். "நீ எந்த ஜாதி?" என்று கேட்டுவிட்டுக் காலைப் பிடிக்க முடியுமா?

நம் நாட்டில் உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர்கள் யார்? கட்டி அறுத்து, எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுத்தவர்கள் நாவிதத் தோழர்கள். அவர்களுக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. பிரசவம் பார்த்தவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள்; மருத்துவச்சி என்றால் அவர்கள்தான். ஊரிலுள்ள எல்லா ஜாதிக் குழந்தைகளையும் இந்த உலகத்தில் முதல்முதல் தொட்டுத் தூக்கிய கை அந்தக் கை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சமுதாயம் என்ன மரியாதை செய்தது? கீழ்ஜாதி என்றது, தொட்டால் தீட்டு என்றது, குழந்தையை எடுத்துக் கொடுத்த கை கொடுக்கும் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்றது. ஒருவரையும் தொடாமல், எட்ட நின்று மந்திரத்தைச் சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டு போனவன் மேல்ஜாதியானான். தொட்டு உபகாரம் செய்தவன் கீழே. தொடாமல் வாங்கித் தின்றவன் மேலே. நம் தேசத்து வைத்தியம் வளராமற் போனதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தீண்டாமை ஒழிந்தது என்று 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது விதி சொல்லுகிறது. காகிதத்தில் ஒழிந்ததைக் கையால் ஒழிக்கவேண்டியவர்களில் நீங்கள் முதல் வரிசையில் நிற்கிறீர்கள். நாளைக்கு ஒரு நோயாளி, "வேறு ஜாதி ஆளை அனுப்பு" என்று சொல்லக்கூடும். ஒரு முதலாளி அதற்கு இணங்கவும் கூடும். தனி மாணவன் அதை எதிர்த்தால் அவன் பாடு கஷ்டம். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, "ஜாதி பார்த்துக் கை மாற்றமாட்டோம்" என்று ஒரே தீர்மானமாக நின்றால் எவன் என்ன செய்யமுடியும்? சங்கம் எதற்கு என்று கேட்டவருக்கு இது இரண்டாவது பதில்.

இத்துடன் இன்னொன்றும் சொல்லுகிறேன். தொடுவதற்கு முன்பு கேட்டுத் தொடவேண்டும். ஏழையாயிருந்தாலும், பேச்சு விழுந்தவராயிருந்தாலும், "அம்மா, இந்த இடத்தைத் தொடப்போகிறேன், இன்னதற்காகத் தொடுகிறேன்" என்று சொல்லி, அவர் சம்மதித்த பிறகே தொடவேண்டும். நோயாளிக்கும் சுயமரியாதை உண்டு. கை கால் விழுந்தபோது அது விழுந்துவிடுவதில்லை.

வேலூரில் நடந்தது

இதெல்லாம் வெறும் பேச்சல்ல என்பதற்கு நமக்கு அருகிலேயே அத்தாட்சி இருக்கிறது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற டாக்டர், குஷ்டரோகிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தார். அழுகி விழுகிற வியாதி, தெய்வ குற்றம் என்று உலகமே ஒதுக்கிவைத்திருந்த கைகள் அவை. நரம்பு செத்துப்போவதனால் உணர்ச்சி போகிறது, உணர்ச்சி போனதனால் சூடும் காயமும் தெரியாமல் கை கெடுகிறது என்பதை அவரும் அவர் கூட்டத்தாரும் காட்டினார்கள். நல்ல தசையின் நாணை எடுத்து, செத்த தசை செய்த வேலைக்கு மாற்றிக் கட்டினார்கள். ஆனால் கத்தி வேலை முடிந்தவுடன் கை வேலை செய்துவிடுமா? மாற்றிக் கட்டிய தசைக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுதான் உங்கள் தொழில். பாதி வைத்தியம் கத்தியில், பாதி வைத்தியம் பயிற்சியில்.

அந்த இடத்தில் மேரி வர்கீஸ் என்ற இளம் பெண் டாக்டர் இருந்தார். 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் அவருக்கு முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிற்று. நம் வீடுகளாயிருந்தால் அந்தப் பெண்ணை ஒரு மூலையில் போட்டு, "அவள் விதி" என்று ஒப்பாரி வைத்திருப்போம். அவரோ சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவை வைத்தியம் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1960-களில் வேலூரில் உடலியல் மறுவாழ்வு வைத்தியத்திற்கென்று ஒரு தனிப் பகுதியையும், 1966-இல் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு ஒரு மறுவாழ்வு நிலையத்தையும் நடத்தத் தலைமை தாங்கினார். 1972-இல் சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. 1986-இல் இறந்தார். அந்த அம்மையார் கடவுள் நம்பிக்கை உள்ளவர். அதற்காக நமக்கும் அவருக்கும் சண்டையில்லை. எழுந்து நடமாட முடியாதவர்களை அவர் வேலைக்கு அனுப்பியது பயிற்சியினாலும், சக்கர நாற்காலியினாலும், படித்த படிப்பினாலுந்தான். பெண்பிள்ளைக்குத் தலைமை எதற்கு என்று கேட்டவர் இந்தப் பெண்பிள்ளையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

தந்தை பெரியார் 1973 டிசம்பர் 24-இல் உயிர் நீத்ததும் அதே வேலூர் ஆஸ்பத்திரியில்தான். அதற்கு ஐந்து நாள் முன்பு, டிசம்பர் 19-இல், சென்னை தியாகராய நகரில் அவர் கடைசியாகப் பேசினார். 94 வயது, மூத்திரத்திற்குக் குழாயும் பாத்திரமும் கூடவே, நடக்க முடியாத நிலை. உடம்பு பழுதுபட்டவன் பொதுவேலைக்கு லாயக்கில்லை என்று சொல்லுகிறவர்களுக்கு அதுவே பதில்.

நாலு பெண்கள் செய்த காரியம்

இனி, தொழிலுக்குச் சங்கம் என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். 1894-இல் லண்டனில், மஸாஜ் என்ற பெயரில் ஒழுக்கக்கேடு நடக்கிறது என்று ஒரு பெரிய வைத்தியப் பத்திரிகை எழுதிற்று. யோக்கியமாக அத்தொழில் செய்த பெண்களுக்கும் கெட்ட பெயர் வந்தது. லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நாலு பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அப்போது அந்நாட்டுப் பெண்களுக்குப் பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமைகூட இல்லை. அவர்கள் பட்டமும் பதவியும் கேட்டு ஆரம்பிக்கவில்லை. பரீட்சை வைத்தார்கள், தேறியவர் பெயரைப் பதிவு செய்தார்கள், டாக்டர் சொல்லாமல் செய்வதில்லை, பத்திரிகையில் கண்டபடி விளம்பரம் போடுவதில்லை, நோயாளிக்கு மருந்து விற்பதில்லை என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். 1920-இல் அந்தச் சங்கத்திற்கு ராஜாங்க அங்கீகாரம் கிடைத்தது. ஆரம்பத்தில் டாக்டர் சொன்னால்தான் தொடுவோம் என்றவர்கள், 1970-களில் தாங்களே நோயாளியைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்ற நிலைக்கு வந்தார்கள். முதலில் பொறுப்பு, பிறகு உரிமை. இந்த வரிசையை நீங்கள் மறக்கக் கூடாது.

1951-இல் பல தேசத்துச் சங்கங்கள் சேர்ந்து உலக சம்மேளனம் அமைத்தன. அந்த செப்டம்பர் 8-ஆம் தேதியைத்தான் உலக பிசியோதெரபி தினமாகக் கொண்டாடுகிறோம். நம் நாட்டில் 1950-களின் ஆரம்பத்தில், இளம்பிள்ளை வாதத்தின் கொடுமையினால், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாயில் இதற்குப் பள்ளி ஏற்பட்டது. 1955-இல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் ஏற்பட்டது. ஆனால் இத்தொழிலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது எப்போது? 2021-இல்! ஏறக்குறைய எழுபது வருஷம். அதுவரையில், ஒரு வாரம் எங்கேயோ பழகிவிட்டுப் போர்டு மாட்டுகிறவனுக்கும், நாலு வருஷத்திற்கு மேல் படித்தவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜனங்கள் ஏமாந்தார்கள். இந்தச் சட்டமும் தானாக வானத்திலிருந்து விழவில்லை. வருஷக்கணக்காக மனுக் கொடுத்தும், கூட்டம் போட்டும் கேட்டவர்கள் இருந்ததனால் வந்தது. சட்டம் வந்தால் போதாது; பதிவு ஒழுங்காக நடக்கிறதா, தகுதியில்லாதவன் நுழைகிறானா என்று கண்காணிக்க ஆள் வேண்டும்.

இதையொட்டி ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். உங்களில் சிலருக்குக் கசக்கலாம். 2025-இல், பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்று பெரிய வழக்கு நடந்தது. போட்டுக்கொள்ளலாம் என்று புதுப் பாடத்திட்டத்தில் சொல்லப்பட்டது. செப்டம்பரில், போடக்கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் கடிதம் எழுதிற்று. மறுநாளே அதை வாபஸ் வாங்கிற்று. உங்கள் உரிமையை நான் மறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் மாத்திரம் மேல்ஜாதி, மற்ற வைத்திய ஊழியர்கள் கீழ்ஜாதி என்று ஆஸ்பத்திரிக்குள் ஒரு வருணாசிரமம் நடக்குமானால், அதை எதிர்க்கவேண்டியது உங்கள் கடமையே. ஆனால் ஜாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் வெட்டிய நாம், இன்னொரு பட்டத்தை முன்னால் ஒட்டிக்கொண்டால் மானம் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. பட்டத்திற்காகச் செலவிடும் சக்தியில் பாதியையாவது பதிவுக்கும், சம்பளத்திற்கும், கிராமத்து ஆஸ்பத்திரிகளில் இந்த வேலைக்கு ஆள் போடச் சொல்வதற்கும் செலவிடுங்கள்.

உங்கள் தொழிலையும் சோதியுங்கள்

பகுத்தறிவு என்பது அடுத்தவன் வீட்டு மூடநம்பிக்கையைக் காட்டுவது மாத்திரமல்ல. உங்கள் தொழிலுக்குள்ளும் புறா இரத்தம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கவேண்டும். விளக்கு எரிகிற மிஷினைக் கண்டால் ஜனங்களுக்குப் பக்தி வருகிறது. அந்த மிஷினால் பிரயோஜனம் உண்டா, அல்லது கட்டணத்துக்காக வைக்கிறோமா என்று கேட்கத் தைரியம் வேண்டும்.

முதுகுவலி வந்தால் படுத்துக்கொள் என்று வெகுகாலம் டாக்டர்களே சொல்லிவந்தார்கள். பின்லாந்து தேசத்து ஹெல்சின்கி நகரசபை ஊழியர்களில் திடீர் முதுகுவலி வந்த 186 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு இரண்டு நாள் படுக்கை. ஒரு பிரிவு முதுகுப் பயிற்சி. ஒரு பிரிவு தாங்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டம். சீக்கிரம் தேறியவர்கள் யார் தெரியுமா? வழக்கமாக நடமாடியவர்கள்! படுத்தவர்களும் பின்தங்கினார்கள், ஆரம்பத்திலேயே பயிற்சி செய்தவர்களும் பின்தங்கினார்கள். பயிற்சி கொடுப்பதே தொழிலான உங்களுக்கு இது சங்கடமான முடிவு. ஆனாலும் சங்கடமான உண்மையை ஒப்புக்கொள்ளுகிறவனுக்குத்தான் விஞ்ஞானி என்று பெயர்; மற்றவன் புரோகிதன். இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் திரட்டி, பீட்ரோ என்ற பெயரில் 1999 முதல் சிட்னி நகரத்தார் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். உங்கள் சங்கம் மாதத்திற்கு ஒரு சோதனையை எடுத்துப் படித்து, நம் ஊர் ஜனங்களுக்குப் புரியும் தமிழில் சொல்லட்டும்.

செய்யவேண்டிய வேலை

ஆகவே மாணவத் தோழர்களே! நான் உங்களைக் கேட்டுக்கொள்வது மூன்று காரியம். ஒன்று, பக்கவாதம் வந்தால் தாயத்தைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதை நம் பக்கத்து ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லவேண்டும். 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் ஆரம்பிக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், வீடு தேடிப்போய் இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. சர்க்கார் வீடு தேடிப்போக முடியுமானால், இந்த ஊர்ப் பிள்ளைகள் அடுத்த தெருவுக்குப் போகமுடியாதா? இரண்டு, உங்கள் சங்கத்தில் ஜாதி, மதம், ஆண், பெண் என்ற பேதம் எந்த ரூபத்திலும் நுழையவிடக் கூடாது. மூன்று, கணக்கும் தீர்மானமும் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்கவேண்டும். தலைவர் தப்பு செய்தால் கேட்கவேண்டும். கேள்வி கேட்க முடியாத தலைவர் நமக்கு வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் கோவிலில் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் சங்கத்துக்குப் போகிறார்கள் என்று பயப்படாதீர்கள். அவர்கள் படிப்பு அவர்கள் வயிற்றுக்கு மாத்திரம் போதுமானால் வீட்டோடு நிற்கட்டும். ஊருக்கும் வேண்டுமானால் வெளியே வரத்தான் வேண்டும்.

தலைவர் அவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இதே இடத்தில், பக்கவாதம் வந்தவர்களின் வீட்டாருக்கு முதல் வகுப்பு நடக்கும் என்று எனக்குச் சொன்னார்கள். நோயாளி எழுந்து வரமுடியாவிட்டால் வீட்டு ஆளாவது வந்து கற்றுக்கொண்டு போகலாம். என்னைக் கேள்வி கேட்ட பெரியவரின் தமையனாரும் ஆறு வாரமாகப் படுக்கையில் இருப்பதாகச் சற்று முன்புதான் கேள்விப்பட்டேன். ஐயா, ஆறு வாரந்தான் ஆகியிருக்கிறது. நான் மூன்று மாதம் கடத்தினேன். நீங்கள் கடத்தவேண்டாம், இன்று இராத்திரியே இந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரை உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.